உங்கள் கையேட்டைத் திறப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? நீரிழிவுக் கையேடு வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் நீரிழிவுக் கையேடுகளும் துண்டறிக்கைகளும் வெளியிடும் மருத்துவமனைகளுக்கும், தொண்டு அமைப்புகளுக்கும், மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

சென்னையில் அச்சான கையேடு வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டால் யாழ்ப்பாணத்திலும் கிள்ளானிலும் ஸ்கார்பரோவிலும் பாரிஸ் லாச்சப்பலிலும் திறக்கப்படுகிறது. டொரன்டோவில் எழுதியது மதுரைக்கு வந்து சேர்கிறது. எழுதுகிறவர் மனத்தில் இருப்பதோ பெரும்பாலும் அவர் தெருக்காரர்தான். சமையல் குறிப்பாக இருந்தால் குழம்பு கெடும், அவ்வளவுதான். இன்சுலின் போட்டுக்கொள்பவர் கையில் இருக்கும் தாள் அப்படியில்லை.

முதலில் எண்கள். இந்தியாவில் ரத்தச் சர்க்கரையை மில்லிகிராம்/டெசிலிட்டரில் சொல்கிறோம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் மில்லிமோல்/லிட்டர். இங்கே 126 என்பது அங்கே 7.0, இங்கே 180 அங்கே 10.0. பதினெட்டால் வகுத்தால் போதும். பிரான்ஸ் ஆய்வுக்கூட அறிக்கையில் கிராம்/லிட்டர் வரும், புள்ளிக்குப் பதில் காற்புள்ளியோடு: அதே 126 அங்கே 1,26. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி நம்மிடம் 6.5 சதவீதம் என்றால் பிரிட்டனில் 48 மில்லிமோல்/மோல் என்று வரும்.

“சர்க்கரை 20க்கு மேல் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்” என்று லண்டன் தாள் ஒன்று சொன்னால் அது நம் அலகில் 360. திருநெல்வேலியில் அதைப் படிப்பவரின் கருவி 20 என்று காட்டினால் அவர் மயங்கிக் கிடப்பார். ஆகவே அலகில்லாத எண் ஒன்றுகூடக் கையேட்டில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு அலகும் வேண்டும். பின்னிணைப்பில் மாற்று அட்டவணை போட்டுவிட்டோம் என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் ஒரே ஒரு பக்கத்தின் படம்தான்.

எண்களிலேயே மிகவும் ஆபத்தானது இன்சுலின். இந்தியாவில் யு-40 குப்பிகள் இன்னும் விற்கின்றன: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மேலை நாடுகளில் கிடைப்பது யு-100, ஆரஞ்சு மூடி. “20வது கோடு வரை இழுங்கள்” என்று எழுதும் கையேடுகள் இருக்கின்றன. ஊரிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சு கொண்டுபோனவர் அங்கே வாங்கிய யு-100 குப்பியிலிருந்து 20வது கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லிலிட்டர். அதில் இருப்பது 50 யூனிட், இரண்டரை மடங்கு. மாற்றிச் செய்தால், அதாவது யு-40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால், 8 யூனிட்தான் போகும். கோட்டை எண்ணச் சொல்லாதீர்கள். யூனிட்டைச் சொல்லுங்கள்; குப்பியில் அச்சடித்த எண்ணும் சிரிஞ்சில் அச்சடித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்குப் படம் வண்ணத்தில் வேண்டும். கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுதான் என்பதால் மூடியின் நிறத்தைப் படத்தின் மேலேயே எழுத்தில் குறியுங்கள்.

இன்சுலினைப் பாதுகாப்பது பற்றிய பத்தியும் எழுதியவரின் வானிலையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் கையேடுகள் வெயிலைப் பற்றி மட்டும் எச்சரிக்கின்றன. ஜனவரி மாத மொன்ட்ரியலில் காரில் விட்டுவந்த இன்சுலின் பேனா உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ், உறைபெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், வெயிலும் வேண்டாம் என்று மூன்றையும் எழுதினால் எல்லோருக்கும் ஆகும்.

அடுத்தது சொற்கள். “பொதுத்தமிழில் எழுதிவிட்டோம்” என்று குழுக்கள் சொல்லும்போது பல நேரம் அதன் பொருள், தமிழ்நாட்டுச் சொல்லை மட்டும் வைத்திருக்கிறோம் என்பதுதான். மருத்துவமனை, வைத்தியசாலை இரண்டும் எங்கேயும் புரியும். அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். கவனிக்க வேண்டியவை ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு பொருள் தருபவை. தாழ்சர்க்கரைக்கு முதலுதவியாக “மூன்று தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்” என்று எழுதுகிறோம். இலங்கையில் வெள்ளையாக இருப்பது சீனி; சர்க்கரை என்றால் பழுப்பு வெல்லம். கைநடுங்கி வியர்த்துக்கொண்டிருப்பவர் வெல்லக் கட்டியைத் தேடி உடைத்துக் கரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. “சர்க்கரை (சீனி)” என்று அந்த இடத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. “இரண்டு கிழமை கழித்து வாருங்கள்” என்பது வவுனியாக்காரருக்கு இரண்டு வாரம், கோயம்புத்தூர்க்காரருக்குக் குழப்பம். குளிசை என்றால் மாத்திரை என்று தமிழகத்தில் பலருக்குத் தெரியாது.

ஊர்பேதமே இல்லாமல் எல்லோரையும் கவிழ்ப்பதும் ஒன்று உண்டு: “நாளைக்கு 2 மாத்திரை”. தினமும் இரண்டா, நாளை மட்டும் இரண்டா? “ஒரு நாளில் 2 மாத்திரை: காலை உணவோடு 1, இரவு உணவோடு 1.” நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க முடியாது. நம் கருத்து, மருத்துவத் தாளில் தூய தமிழாக்கங்களைப் புகுத்துவதற்கு இது இடமல்ல. மருந்துக் கடையில் வாயால் சொல்லும் சொல் எதுவோ அதுதான் தாளிலும் வேண்டும்.

சாப்பாட்டுப் பக்கம்தான் அதிகம் சொதப்புவது. இட்லி, தோசை, சப்பாத்தி என்று பட்டியல் போட்டு, மலேசியாக்காரரின் நாசி லெமாக்கையும் ரொட்டி சானாயையும், யாழ்ப்பாணத்துப் புட்டு, இடியப்பம், பாண் (பிரெட்) ஆகியவற்றையும் விட்டுவிடுகிறோம். பெயர் விடுபட்ட உணவுக்குக் கட்டுப்பாடு இல்லை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இன்னும் நுணுக்கமானது தேநீர். “தேநீரில் சர்க்கரை போடாதீர்கள்” என்ற வரியை ஈப்போவில் இருப்பவர் அப்படியே கடைப்பிடிக்கலாம். அவருடைய தே தாரிக்கில் இனிப்பூட்டிய கெட்டிப்பால் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்கு எழுத வேண்டியது, கடையில் “தே ஓ கோசோங்” (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) கேளுங்கள் என்பது. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பவரும் தேநீரில் எதுவும் போடவில்லைதான். கருப்பட்டி, பனங்கட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

“ஒரு கப் சோறு” என்பதும் வேலைக்காகாது. கனடாவின் அளவைக் கோப்பை 250 மில்லிலிட்டர்; நம் வீட்டில் கப் என்றால் அதில் பாதியளவு காபிக் கோப்பையாகவும் இருக்கலாம். வெந்த சோற்றின் எடையைக் கிராமில் கொடுத்து, பக்கத்தில் தட்டில் வைத்த சோற்றின் படத்தைப் போடுங்கள். கூடவே ஒரு கரண்டி தெரியட்டும், அளவு பிடிபடும்.

இனி நம்பிக்கைகள். “விரதம் இருக்காதீர்கள்” என்ற ஒற்றை வரியை எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். விளைவு என்ன? ரமலான் நோன்பு வைப்பவரும், கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பவரும், தவக்காலத்தில் ஒருவேளை உண்பவரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள், மருத்துவரிடமும் சொல்லமாட்டார்கள். நோன்பு வைக்கலாமா என்பதை அவரும் மருத்துவரும் மார்க்க அறிஞரும் பேசி முடிவு செய்யட்டும். கையேட்டின் வேலை வேறு. ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், இன்சுலினுக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளுக்கும் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கும், ஸஹர் (விடியலுக்கு முந்தைய) உணவைத் தவிர்க்காதீர்கள், நோன்பின்போது சர்க்கரை 70 மில்லிகிராம்/டெசிலிட்டருக்குக் (3.9 மில்லிமோல்/லிட்டர்) கீழே இறங்கினாலும் 300 மில்லிகிராம்/டெசிலிட்டருக்கு (16.7 மில்லிமோல்/லிட்டர்) மேலே ஏறினாலும் நோன்பை முறித்துவிடுங்கள். இவ்வளவும் எழுதலாம். விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. அதை உங்கள் தீர்ப்பாக எழுதாமல், யார் கருத்து என்பதோடு சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் அந்தச் சமூகத்தார் உங்கள் தாளை நம்புவார்கள்.

ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான் விஷயமும் இப்படித்தான். கேலி செய்யும் தொனி வந்தால் படிப்பவர் தாளை மூடிவிடுவார். “எடுத்துக்கொள்வதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கலாம்” என்றால் போதும். கால் பராமரிப்புப் பக்கத்தில் “வெறுங்காலோடு நடக்காதீர்கள்” என்றுமட்டும் நிறுத்திவிட்டால் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர் என்ன செய்வார்? உச்சிவெயிலில் கல்தரையைத் தவிர்க்கவும், திரும்பியதும் பாதத்தைப் பார்க்கவும் சொல்லுங்கள். குளிர்நாட்டுக்காரருக்குக் கல்தரைக்குப் பதில் அறைச் சூடேற்றியும் வெந்நீர்ப் பையும். மரத்த காலுக்குச் சூடு தெரியாது.

“இந்துக்களாகிய நாம்”, “நம் முதல்வர் காப்பீட்டுத் திட்டம்” போன்றவற்றை எடுத்துவிடுங்கள். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

சரிபார்ப்பது எப்படி? “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதிலும் மருத்துவர் கேட்டால். தாளைக் கொடுத்து, படித்தபின் மூடச் சொல்லி, “நாளைக் காலையில் என்னென்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். தமிழகம், இலங்கை, மலேசியா, ஐரோப்பா, கனடா என ஆளுக்கோர் இடமாக ஐந்து பேர் போதும். அவர்களில் ஒருவராவது அதிகம் படிக்காதவராக இருக்கட்டும், மூன்று சமயத்தவரும் இருக்கட்டும். ஒரே இடத்தில் இருவர் தடுமாறினால் தவறு அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

வடிவமைப்பில் ஒரு கோரிக்கை. நாட்டுக்கு நாடு மாறுபவை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திரட்டுங்கள்: அவசர ஊர்தி எண் (தமிழ்நாடு 108, இலங்கை 1990, மலேசியா 999, சிங்கப்பூர் 995, கனடா 911), சர்க்கரை அலகு, இன்சுலின் வலிமை, உணவுப் பெயர்கள். நாட்டின் பெயரை அந்தப் பக்கத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் போட்டு, அடியில் பதிப்புத் தேதியை மாதப் பெயரோடு எழுதுங்கள். 03/04 என்றால் ஒருவருக்கு மார்ச், இன்னொருவருக்கு ஏப்ரல். மற்ற பக்கங்கள் எல்லோருக்கும் பொது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி அச்சடிப்பதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. அந்தந்த ஊர் மருந்தாளுநர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சரிபார்த்தும் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
நலவாழ்வுத் தமிழில் எழுதியும் திருத்தியும் வருவோர் சிலர்