மனமும் மூளையும்: வழக்கு இன்னும் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளை பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தில் படித்தேன். மனம் என்பது மூளைதான், விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்தது சரியில்லை.

மூளைக்கு அடிபட்டால் மனமும் தடுமாறும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பக்கவாதம் வந்தபின் என் அப்பாவுக்கு வீட்டு ஆட்களின் பெயர்கூட வாயில் வரவில்லை. ஆனால் திருப்புகழை யாராவது எடுத்துக் கொடுத்தால் தடங்கலில்லாமல் பாடுவார். மூளையின் இடது பக்கம் அடிபட்டதால் பேச்சு போனது என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கினார். சரி, மனம் மூளையை நம்பி இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றேதான் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. அது தத்துவம் வாதாட வேண்டிய விஷயம்.

1950-களில் பிளேஸ், ஸ்மார்ட் என்ற தத்துவ அறிஞர்கள் இருவரும் இரண்டும் ஒன்றே என்றுதான் வாதாடினார்கள்: மின்னல் என்பது மின்சாரப் பாய்ச்சலே, அதுபோல வலி என்பது மூளை நிகழ்வே என்று. 1967-இல் ஹிலரி பட்னம் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் இதை மறுக்க ஆக்டோபஸை இழுத்து வந்தார். அதன் நரம்பணுக்களில் பெரும்பகுதி கைகளில்தான் இருக்கிறது. நம் மூளைபோல இல்லை என்பதற்காக அதற்கு வலியே கிடையாது என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு இது பலமான கேள்வியாகவே படுகிறது.

அதற்காக, மனம் உடம்பிலிருந்து வேறான தனிப்பொருள் என்று சொன்ன பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் பக்கமும் சாய முடியவில்லை. உருவமில்லாத மனம் உடம்பை எப்படி அசைக்கும் என்று பொஹீமிய இளவரசி எலிசபெத் 1643-லேயே அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டார்.

நம் மரபு மனத்தை உடம்பிலிருந்து பிரித்துவிட்டது என்று கட்டுரை சொல்வதும் முழுக்கச் சரியல்ல. சைவ சித்தாந்தத்தில் மனம் அந்தக்கரணங்களில், அதாவது உட்கருவிகளில் ஒன்று; மாயை என்ற மூலப்பொருளிலிருந்து வந்த, தானாக அறியாத சடப்பொருள். அறிகிற உயிர்தான் வேறு.

அப்புறம், விஞ்ஞானிகளே வழக்கை முடிக்கவில்லை. நனவுணர்வுக்கான, அதாவது நாம் எதையும் உணர்ந்திருக்கும் நிலைக்கான, தெளிவான மூளைத் தடயம் 25 ஆண்டுகளில் கிடைத்துவிடும் என்று நரம்பியல் அறிஞர் கிறிஸ்டோஃப் கோக் 1998-இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார்.

நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உண்மையான மனித மூளையையே கையில் ஏந்திப் பார்க்கலாம். அங்கே போகிற பிள்ளைகள், எல்லாம் தெரிந்தாகிவிட்டது என்ற நினைப்போடு போகக் கூடாது. அடுத்த இதழில் எதிர்வாதங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

வாசகி,
அல்சூர், பெங்களூரு