ஊசியா, குழாயா?

நங்கநல்லூர், சென்னை.

அன்பிற்குரிய நண்பர் சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நுரையீரலில் ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று திருநெல்வேலியில் எல்லோரும் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டேன். ஊசி போன தடத்தில் புற்றணு தங்குவது மிக அரிது என்றும், அந்தப் பயத்தில் நாளைக் கடத்துவதே அதைவிடப் பெரிய ஆபத்து என்றும் சொன்னார்.

என் வலது நுரையீரலின் மேல்மடலில், விலா எலும்பை ஒட்டி, 2 செ.மீ. அளவில் கட்டி இருக்கிறது. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில் அதுவும், மூச்சுக்குழாயை ஒட்டி வீங்கியிருக்கும் ஒரு நெறிக்கட்டியும் (நிணநீர்க் கணு) ஒளிர்கின்றன. காசநோயும் இப்படியே ஒளிரும் என்பதால், சதை எடுத்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். என் தந்தையார் தாம்பரம் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அதையும் மறக்காமல் சொல்லிவைத்தேன்.

முதலில் போன மருத்துவமனையில், மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வந்தால் சிடி ஸ்கேன் பார்த்தபடியே மார்பில் ஊசி செலுத்திச் சதை எடுத்துவிடலாம், 20 நிமிட வேலை என்றார்கள். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து நான் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. நானாகச் சொன்ன பிறகுதான், எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னொரு மருத்துவரையும் பார்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இந்த இரண்டாவது மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கத்தரிக்காய்களைப் போல நுரையீரலை வரைந்து, கட்டியைச் சுற்றிச் சிறுசிறு வட்டங்களையும் போட்டார். அவை புகையால் சிதைந்த காற்றறைகள். நீங்களும் நானும் அலுவலக மாடிப்படியில் நின்று ஊதித் தள்ளியதன் பலன். விளிம்பில் இருக்கும் கட்டிக்கு வெளியிலிருந்து செலுத்தும் ஊசிதான் நேர்வழி என்றாலும், 100 பேரில் ஏறத்தாழ 20 பேருக்கு அதனால் காற்றுக் கசிந்து நுரையீரல் ஓரளவு சுருங்குகிறது என்றும், பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும், ஆனால் என்னைப் போன்ற நுரையீரலில் கசிவு நேர்ந்தால் மார்பில் குழாய் வைக்க வேண்டிய வாய்ப்பு கூடுதல் என்றும் விளக்கினார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சாதாரண பிராங்கோஸ்கோப்பி அவ்வளவு ஓரத்தை எட்டாது. துளைவழி அறுவை சிகிச்சைக்கு முழு மயக்கம் வேண்டும் என்பதால் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டார்.

அவர் தேர்ந்தெடுத்தது ஈபஸ். முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை வாய் வழியாக இறக்கி, மூச்சுக்குழாயின் சுவரைத் துளைத்து நெறிக்கட்டியிலிருந்து சதை எடுப்பார்கள். கட்டி இருக்க நெறிக்கட்டியை ஏன் தொட வேண்டும் என்று கேட்டேன். அங்கே புற்றணு இருந்தால், நோய் இன்னது என்பதோடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும் ஒரே முறையில் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஊசி வழி எப்போதும் திறந்தே இருக்கிறது என்றார். எனக்கு இது நியாயமாகப் பட்டது.

இன்னும் இரண்டு செய்திகளை டைரியில் குறித்துக்கொண்டேன். புற்று என்றால், எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணுச் சோதனைகளுக்கும் போதுமான அளவுக்குச் சதை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் படுக்க வேண்டியிருக்கும். எடுத்த சதை முழுவதையும், கிருமியைக் கொன்று சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதில் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியைச் சலைன் என்ற உப்புநீரில் தனியாக அனுப்ப வேண்டும். இதைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

இதய மருத்துவரின் சம்மதத்தோடு சனிக்கிழமை முதல் குளோபிடோக்ரெலை நிறுத்தியிருக்கிறேன், ஆஸ்பிரின் தொடர்கிறது. வரும் வியாழக்கிழமை காலை செய்கிறார்கள். தொண்டைக்குத் தரும் மருந்தின் மரப்பு போகும்வரை காபி கூடாதாம். அதுதான் இப்போதைக்குப் பெரிய கவலை. மகன் கூட வருகிறான். சதையின் முடிவு ஒரு வாரத்தில் வந்துவிடும், கிருமி வளர்ப்புக்கு 6 வாரம் வரை ஆகலாம். முதல் முடிவு கைக்கு வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
வேதாசலம்