கார்னெட் என்பது இறக்குமதி அனுமதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தக் காரிலோ பைக்கிலோ பல நாடுகளைத் தரைவழியாகக் கடப்பவர்களைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. பாதை, விசா, டயர், எரிபொருள் எல்லாம் அவற்றில் இருக்கும். பயணம் முடிந்த நாட்டிலேயே தங்கிவிடுகிறவர், ஓட்டிவந்த வண்டியை அங்கே பதிவு செய்ய என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருப்பதில்லை. இதில் பலர் பணத்தை இழக்கிறார்கள், சிலர் வண்டியையே இழக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கடைசி எல்லையைத் தாண்டிய பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கவே தொடங்குகிறார்கள்.

சுங்கத்துக்கு ஒரு வெளிநாட்டு வண்டி இரண்டே வகைதான்: திரும்பிப் போகப் போகும் வண்டி, தங்கப் போகும் வண்டி. பயணியின் வண்டி எல்லா எல்லைகளிலும் முதல் வகையில்தான் உள்ளே வருகிறது. கார்னெட் என்கிற அந்த ஆவணப் புத்தகம் இதற்கென்றே பிறந்தது. 1954இல் நியூயார்க்கில் கையெழுத்தான சுங்க உடன்படிக்கை அதற்குப் பின்னணி. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டுகள் உண்டு. நுழையும்போது ஒன்றைக் கிழித்துச் சுங்கம் வைத்துக்கொள்ளும், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு இரண்டு முத்திரைகளோடு புத்தகத்திலேயே தங்கும். "இந்த வண்டி வெளியே போய்விடும், போகாவிட்டால் வரிக்கு நாங்கள் பொறுப்பு" என்று கார்னெட் கொடுத்த மோட்டார் சங்கம் ஜாமீன் நிற்கிறது. அவ்வளவுதான். கையில் கார்னெட் இருப்பதால் வண்டியை இறக்குமதி செய்யலாம் என்று நினைப்பது, சுற்றுலா விசாவைக் குடியுரிமை என்று நினைப்பது போன்றது.

முதலில் விசாரிக்க வேண்டியது வரி எவ்வளவு என்பதல்ல. அந்த வண்டியை அந்த நாடு ஏற்குமா என்பது. இங்கே விதிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் போகும். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வண்டிக்குப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. மாசு விதிகளுக்கு எல்லை 21 ஆண்டு, அதுவும் என்ஜின் பழைய அமைப்பிலேயே இருந்தால். கனடாவில் 15 ஆண்டு. இந்தியாவில் தலைகீழ்: பழைய வண்டி என்றால், பொதுவாக அது தயாராகி 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். பிரேசில் பழைய கார்களைப் பொதுவாக அனுமதிப்பதே இல்லை. 30 ஆண்டு கடந்த சேகரிப்பு வண்டிகளுக்குத்தான் வழி. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வண்டி கப்பல் ஏறுவதற்கு முன்பே அனுமதி கையில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2003 கடைசியிலிருந்து ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்திருக்கிறது. பழைய வண்டியின் பிரேக் பேடிலும் கேஸ்கெட்டிலும் அது இருந்தால் வண்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

தற்காலிகமாக நுழைந்த வண்டியை அங்கிருந்தபடியே நிரந்தரமாக மாற்றிக்கொள்ள எல்லா நாடும் விடாது. அமெரிக்காவுக்குள், அந்நாட்டுத் தரத்துக்குப் பொருந்தாத வண்டியை வெளிநாட்டவர் ஓராண்டு வரை கொண்டுவரலாம். அதை அங்கே விற்க முடியாது, ஓராண்டுக்குள் வெளியே கொண்டுபோயே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் காலம் 6 மாதம். அந்தச் சலுகை வெளியே வசிப்பவருக்குத்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலை கிடைத்து, வீடு எடுத்து, வசிப்பிடம் மாறிவிட்டால், 6 மாதம் முடியாவிட்டாலும் வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு வண்டியை ஓட்டுவது சுங்க மீறல் ஆகலாம்.

குடிபெயர்கிறவருக்கு வரிவிலக்கு தரும் நாடுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதிப்படி, குறைந்தது 12 மாதம் வெளியே வசித்திருக்க வேண்டும். வண்டியைக் குறைந்தது 6 மாதம் சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும். குடியேறிய 12 மாதத்துக்குள் வண்டியைச் சுங்கத்தில் காட்ட வேண்டும். அதன்பின் 12 மாதம் விற்கவோ இரவல் தரவோ கூடாது. தரைவழிப் பயணிக்கு இதில் இரண்டு கண்ணிகள். பயணத்தின் நடுவில் வாங்கிய வண்டிக்கு 6 மாதக் கணக்கு நிறையாமல் போகலாம். இரண்டாவது, ஓராண்டு ஊர் ஊராகச் சுற்றியவரிடம் "எங்கே வசித்தீர்கள்?" என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, வங்கிக் கடிதம், பழைய காப்பீட்டுச் சான்று ஆகியவற்றைப் புறப்படும்போதே பத்திரப்படுத்துவது நல்லது.

விலக்கு இல்லையென்றால் கணக்கு இப்படிப் போகும். வண்டியின் மதிப்பு 10,000, சுங்க வரி 10 சதவீதம், மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 1,000. அடுத்த வரி 10,000 மீது அல்ல, 11,000 மீது, அதாவது 2,200. மொத்தம் 3,200. பல நாடுகளில் கப்பல் கூலியும் காப்பீடும் மதிப்போடு சேரும். ஆகவே கடைசிக் கட்டத்தில் கன்டெய்னரில் ஏற்றியவர் அந்தக் கூலிக்கும் வரி கட்டுகிறார். சுங்க வகைப்பாட்டில் பயணிகள் கார் 8703, சரக்கு வண்டி 8704, மோட்டார் சைக்கிள் 8711. படுக்கையும் அடுப்பும் வைத்த பிக்அப்பை எதில் சேர்ப்பது என்பதில்தான் தகராறு வரும். அமெரிக்காவில் இலகுரகச் சரக்கு வண்டிக்கு 1964 முதல் 25 சதவீத வரி என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. வகைப்பாட்டை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கும் வசதி பல நாட்டுச் சுங்கத்தில் உண்டு. கவுண்டரில் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிப் போவது வீண்.

மதிப்பைக் குறைத்துக் காட்டலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: கார்னெட்டிலும் வண்டியின் மதிப்பு அச்சாகியிருக்கும். நீண்ட பயணத்தில் தேய்ந்து நொந்த வண்டிக்கு மதிப்பு குறைவுதான், ஆனால் அதற்குச் சான்று வேண்டும். கிலோமீட்டர் மீட்டரின் படம், அடிபட்ட இடங்களின் படம், பழுதுபார்க்கும் செலவுக்கு மெக்கானிக் எழுதித் தந்த மதிப்பீடு, இவை இருந்தால் பேசலாம்.

அடுத்தது எண்கள். இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றின் சேசிஸ் எண்ணில் 17 எழுத்து-இலக்கங்கள். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஆவணத்தில் 'ஓ' என்று அடித்திருந்தால் அது சுழியம், தட்டச்சுப் பிழை. எல்லையில் கவனிக்காமல் விட்ட பிழை இறக்குமதியின்போது பிடிபடும். ஆர்.சி.யில் ஒன்று, கார்னெட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றிருந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில் கோப்பு நின்றுவிடும். உப்புக் காற்றிலும் சேற்றிலும் ஓடிய வண்டியில் சேசிஸ் எண் துருவில் மறைவதும் உண்டு. கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைக்கலாம், கிரைண்டர் மட்டும் வைக்கக் கூடாது. எண்ணைச் சுரண்டிய தடம் தெரிந்தால் விளக்கம் சொல்லி மாளாது. வழியில் என்ஜின் மாற்றியிருந்தால், மாற்றிய நாட்டிலேயே ரசீதோடு பதிவிலும் கார்னெட்டிலும் திருத்தம் வாங்கிவிட வேண்டும்.

பலர் தவறவிடும் வரிசை ஒன்று இருக்கிறது. பழைய பக்கங்களில் எந்த நாட்டிலாவது வெளியேறும் முத்திரை விட்டுப்போயிருந்தால், புதிய பதிவு வாங்கும் முன்பே அதைச் சரிசெய்ய வேண்டும். வண்டி இப்போது வேறு நாட்டில் இருக்கிறது என்று சுங்கமோ காவல்துறையோ தூதரகமோ நேரில் பார்த்துச் சான்றளிக்கும் இடச் சான்று கார்னெட்டின் கடைசியில் உண்டு. பழைய நம்பர் பிளேட்டோடு வண்டி நிற்கும்போது அதை வாங்குவது எளிது. பிளேட் மாறி, பழைய ஆர்.சி.யும் கைவிட்டுப் போன பிறகு அதே வண்டிதான் என்று நிரூபிப்பது பெரும் பாடு.

சுங்கம் முடிந்தாலும் தகுதிச் சோதனை இருக்கிறது. பயணத்துக்கென்று செய்த மாற்றங்களே இங்கே எதிராக நிற்கும். கந்தகம் அதிகமான டீசலுக்குப் பயந்து புகை வடிகட்டியையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிந்தவர்கள் அவற்றைத் திரும்ப வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். எறியாமல் வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் கெட்டிக்காரத்தனம். உயர்த்திய சஸ்பென்ஷன், கூடுதல் டேங்க், முன்பக்க இரும்புக் கிராதி ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் சான்று இல்லையென்றால் கழற்றச் சொல்வார்கள். ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஒரு மாதிரி, வலப்பக்கத்துக்கு வேறு மாதிரி; கண்ணாடியில் ஒட்டும் பட்டை சுற்றுலாவுக்குப் போதும், பதிவுக்குப் போதாது, விளக்கையே மாற்ற வேண்டும். பின்பக்கப் பனிமூட்ட விளக்கு ஒன்றே ஒன்று இருந்தால் அது சாலையின் நடுப்பகுதியை ஒட்டிய பக்கத்திலோ வண்டியின் மத்தியிலோ இருக்க வேண்டும். அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் பின் இண்டிகேட்டர் சிவப்பாக எரியும்; ஐரோப்பாவில் அது மஞ்சளாக வேண்டும். வண்டி எந்தத் தரத்துக்குப் பொருந்துகிறது என்று சொல்லும் இணக்கச் சான்றைத் தயாரிப்பாளரிடம் கேட்டால் வாரக்கணக்கில் ஆகும் என்பதால் முதலில் அதற்கு எழுதிப்போடுவது நல்லது.

வரி கட்டியதும் ரசீதோடு திரும்பிவிடக் கூடாது. கார்னெட்டில் அந்த நாட்டுப் பக்கத்தை முடித்து, வண்டி நிரந்தரமாக இறக்குமதியானதைச் சுங்கமே எழுதி முத்திரையிட வேண்டும். மறுத்தால் அதே விவரத்தைத் தனிக் கடிதமாகக் கேட்கலாம். அதையும் ரசீதையும் சேர்த்து மோட்டார் சங்கத்துக்கு அனுப்பினால்தான், கார்னெட் வாங்கும்போது அங்கே கட்டிய ஜாமீன் தொகை திரும்பும். பழைய நாட்டில் பதிவை ரத்து செய்வதை அவசரப்பட்டு முன்னால் செய்தால் காப்பீடு அன்றே செத்துவிடும், சோதனைக் கூடத்துக்குக் கூட வண்டியை ஓட்ட முடியாது. தற்காலிகப் பிளேட்டும் குறுகிய காலக் காப்பீடும் வாங்கிய பிறகு ரத்து செய்யலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்து இறக்குமதி கட்டாது என்று தெரிந்தால், வெளியே அனுப்புவது தவிரவும் வழி உண்டு. மோசமாக விபத்தில் சிக்கிய வண்டியைச் சுங்கத்தின் ஒப்புதலோடு அரசிடமே ஒப்படைக்கலாம், அல்லது அவர்கள் மேற்பார்வையில் உடைத்துவிடலாம். 1954 உடன்படிக்கையிலேயே இதற்கு இடமிருக்கிறது. சாலையோரத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறுவது மட்டும் வழியல்ல. கார்னெட் அதிகபட்சம் ஓராண்டு செல்லும். காலாவதியான பிறகும் ஓராண்டு வரை அந்த நாட்டுச் சுங்கம் ஜாமீன் நின்ற சங்கத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம், சங்கம் வண்டிக்காரரைத் தேடி வரும். முத்திரையிட்ட துண்டுகள், வரி ரசீது, இடச் சான்று ஆகியவற்றில் சங்கத்துக்கு அனுப்பியவற்றின் நகல்களையும் மற்றவற்றின் மூலப்பிரதிகளையும் அதுவரைக்கும் வேறு யாரிடமும் கொடுத்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுங்க ஆவணப் பணி அறிந்த ஒரு வாசகர்