பார்சல் வியாபாரத்துக்கு வற் கணக்கு பாக்குறது ஆரு?

ஆசிரியர் ஐயா,

ஒன்லைன் வியாபாரத்தால கல்முனை பஸார் படுத்துட்டு எண்டு எல்லாரும் சொல்றாங்க, ஆனா வரி விஷயத்த ஆரும் பேசுறல்ல. நான் இஞ்ச எலக்ட்ரிக் சாமான் கடை வெச்சிருக்கன், அதான் எழுதுறன்.

இலங்கையில 2024 ஜனவரியில வற் (VAT, பெறுமதி சேர் வரி) 18 வீதமாச்சு, அதோட வருஷத்துக்கு 8 கோடி ரூபாக்கு மேல வித்தா வற்றுக்குப் பதியணும் எண்டிருந்தத 6 கோடிக்கு இறக்கினாங்க. 2022ல டொலர் ஏறினதோட ஃபேன், ரைஸ் குக்கர் விலையெல்லாம் எங்கயோ போயிட்டு, அதால விக்கிற சாமான் கூடாமலே கடைக்காரன் பதியவேண்டிய எல்லைக்கிட்ட வந்து நிக்கிறான், லாபம் எவ்வளவு எண்டு அங்க ஆரும் கேக்கப்போறல்ல, வித்த காசுதான் கணக்கு.

அதே ரைஸ் குக்கர பேஸ்புக்ல போட்டு விக்கிறவருக்கு மூணு பேஜ், மூணு பேர்ல பேங்க் கணக்கு, சாமான் கொழும்புப் பக்கம் ஏதோ ஒரு வீட்டுல, கொரியர் தம்பி வாசல்ல வந்து காசு வாங்கிட்டுப் போறார், பில் எண்டு கேட்டா பார்சல்ல ஒட்டின ஸ்டிக்கர்தான். (பஸார்லயும் பில் குடுக்காத கடை இருக்கு, மறைக்க ஏலா. ஆனா அந்தக் கடைக்கு போர்டு இருக்கு, வரி ஒபிசர் வந்து கதவத் தட்டலாம்.)

அமெரிக்காவுலயும் இந்தப் பிரச்சின கன காலமா இருந்தது. 1992ல அங்க சுப்ரீம் கோர்ட், ஒரு மாநிலத்துல கடையோ கிடங்கோ இல்லாத கம்பெனிய விற்பனை வரி அறவிடச் சொல்ல ஏலா எண்டுட்டு. மறுகா என்ன, அமேசன் கிடங்கு எங்க போடுற, எங்க போடாம விடுற எண்டதே வரியப் பாத்துத்தான். டெக்சாஸ் மாநிலம் 26.9 கோடி டொலர் வரிப் பாக்கி கேட்டதுக்கு கிடங்க மூடுறன் எண்டு நிண்டவங்க, கடைசியில 2012ல அங்க அறவிடத் தொடங்கினாங்க. 2018ல கோர்ட்டே பழைய தீர்ப்ப மாத்தி, கிடங்கு இல்லாட்டியும் அறவிடலாம் எண்டுட்டு. அதுக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள்ல சின்ன வியாபாரிக்காக அமேசன் மாதிரி சந்தை நடத்துற ஒன்லைன் தளமே வரிய வெட்டிக் கட்டணும்.

நம்மட சட்டம் கிடங்கு எங்க எண்டு கேக்குறல்ல, அது நல்லம். ஆனா எவ்வளவு வித்தான் எண்டு தெரிஞ்சவன் கொரியரும் தளமும்தான், அவங்கள்ட்ட ஏன் கேக்குறல்ல? வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கு வற் எடுக்க 2025ல சட்டத்தத் திருத்த முடிஞ்சா, உள்ளூர் கொரியர் கம்பெனிகள்ட்ட வாசல்ல வாங்குற காசுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தரம் விற்பனைக்காரர் வாரியா கணக்குக் கேக்குறது பெரிய வேலையா? வீட்டுல கேக் செஞ்சு, சட்டை தைச்சு விக்கிற பிள்ளைகள் அந்த எல்லைக்குக் கிட்டவும் வராதுகள், அதுகள விட்டுடுங்க.

இப்படிக்கு,
கல்முனை கடைக்காரர் ஒருவர்