கடல் பக்கம் டிரைவ் போறியாமே

டேய் கண்ணா,

புது கார் போட்டோ பாத்தேன், கலர் அம்சமா இருக்கு. அப்பா மைலேஜ் எவ்ளோன்னு தான் கேட்டுட்டு இருக்கார், அத விடு. லீவுல கடலோர ரோட்டுல லாங் டிரைவ் போறேன்னு சொன்னியே, போன்ல பேசினா சரிம்மா சரிம்மான்னு வச்சிடுவ, அதான் எழுதுறேன், முழுசா படி.

நீ போற ரோடு புது வண்டிக்கு ரொம்ப தோதான ரோடு. ஹைவேல ஏறி க்ரூஸ் கண்ட்ரோல போட்டுட்டு மணிக்கணக்கா ஒரே ஸ்பீடுல போறது தான் புது எஞ்சினுக்கு ஆகாது. உள்ள பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒண்ணோட ஒண்ணு உரசி படியணும், அதுக்கு ஸ்பீடு ஏறி இறங்கணும், கியர் மாறணும், வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டுல அது தன்னால நடக்கும். பொதுவா முதல் 1000 கிலோமீட்டர் வரைக்கும் ஆக்சிலேட்டரை அமுக்கி மிதிக்காம ஓட்டணும்னு சொல்லுவாங்க, உன் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. டயரும் பிரேக் பேடும் கூட புதுசு, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு பிடிமானம் வராது, அதனால முன்னாடி போற வண்டிக்கு நல்லாவே இடம் விடு.

நீ இருக்கிற இடத்துல வண்டி இடது பக்கம் தானே ஓடுது, அப்போ கடல் உன் இடது கை பக்கம் வர்ற திசையில நிதானமா போ, திரும்பி வர்றதுக்கு வேணா ஹைவேய புடிச்சுக்கோ. ஏன்னா எங்கயாவது நிறுத்தணும்னு தோணினா எதிர வர்ற வண்டிய எல்லாம் கடந்து ரோட்ட குறுக்க வெட்ட வேண்டியதில்ல, அப்படியே ஒதுங்கிடலாம். நிறுத்தத்தான் சொல்றேன் கண்ணா. ஸ்டியரிங்க பிடிச்சிருக்கிறவனுக்கு கடல் கிடையாது, அது பக்கத்து சீட்டுக்கு. 60ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் வண்டி நகந்திடும், நீ தலைய திருப்பி ஒரு அலைய பாக்குறதுக்குள்ள வளைவு வந்துடும். பாக்கணும்னு ஆசையா இருந்தா ஒதுங்கி நிறுத்து, இறங்கு, எவ்ளோ நேரம் வேணா பாரு. (பக்கத்து சீட்டுல யார் வர்றாங்கன்னு நான் கேக்கல. நீயா சொன்னா சந்தோஷம்.)

காலைலயே கிளம்பிடு. மதியம் ஆக ஆக தரை சூடாகி கடல்லேருந்து காத்து வேகமா அடிக்கும், மரமோ மலையோ மறைச்சிருந்த இடத்த தாண்டி திடீர்னு வெட்டவெளிக்கு வரும்போதும் பாலத்து மேலயும் வண்டிய ஒரு பக்கமா தள்ளும், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும். தண்ணி மேல பட்டு கண்ண கூசுற வெயிலுக்கு போலரைஸ்டு கண்ணாடி நல்லா கேக்கும், ஆனா அத போட்டுட்டு பாத்தா சில வண்டியில டிஸ்ப்ளே மங்கலா தெரியும், கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டு பாத்துக்கோ. ரோட்டுல மண்ணு படிஞ்சிருந்தா அது மேல போய் பிரேக் மிதிக்காத, முன்னாடியே ஸ்லோ பண்ணிடு.

வீடியோல எவனோ அலை ஓரமா கார் ஓட்டுறான்னு நீயும் மணல்ல இறக்கிடாத!! சக்கரம் புதைஞ்சா தண்ணி ஏறி வர்றதுக்குள்ள எடுக்க முடியாது, உப்புத்தண்ணி வயரிங்குள்ள பேரிங்குள்ள எல்லாம் போய் உக்காந்துக்கும். கடல்ல இறங்குறதா இருந்தா சாவிய பாக்கெட்ல வச்சுட்டு இறங்காத, அந்த ரிமோட் சாவி உப்புத்தண்ணில போனா அவ்ளோதான்.

வந்ததும் தூங்கிடாம, முடியலன்னா மறுநாளாவது, நல்ல தண்ணி அடிச்சு கழுவு. கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்கு, அந்த சாரல் தான் வண்டி பூரா படிஞ்சிருக்கும், ஈரத்த இழுத்து வச்சுக்கிட்டு இரும்ப அரிக்கும். எல்லாரும் பானெட்ட தான் பளபளன்னு துடைப்பாங்க, துரு பிடிக்கிறது அடியில, அதனால அடிப்பக்கமும் சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவுக்குள்ளயும் நல்லா பீச்சி அடி. மண்ணு போறதுக்கு முன்னாடி துணி வச்சு தேய்ச்சிடாத, புது பெயிண்ட்ல கீறல் விழும். மறுநாள் காலைல பிரேக் டிஸ்க்ல ஆரஞ்சு கலர்ல லேசா துரு தெரிஞ்சா பயந்துட்டு போன் பண்ணாத, கொஞ்சம் ஓட்டி நாலு தடவ பிரேக் பிடிச்சா போயிடும்.

வேற எதுக்கு வேணா போன் பண்ணு. நான் அங்க வரும்போது அதே ரோட்டுக்கு என்னையும் கூட்டிட்டு போகணும், முன் சீட் எனக்கு, அப்பா பின்னாடி உக்காந்து மைலேஜ் கணக்கு போடட்டும்.

அம்மா