வண்டி ஓட்டப் பிடித்தால் போதுமாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு கல்வி இணைப்பில் ஆட்டோமொபைல் டிப்ளமோ பற்றி எழுதியவர், மார்க் குறைந்தாலும் கவலை இல்லை, வண்டி ஓட்டப் பிடித்தால் போதும் என்கிறார். வண்டி ஓட்டப் பிடித்தால் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகலாமே, மூன்று வருஷம் எதற்கு? நானும் அதே டிப்ளமோதான், 26 வருஷமாகத் திருப்பூரில் பட்டறை வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு டீசல் கார் வந்தது, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த, புகைக் கட்டுப்பாட்டு விதி கடுமையான பிஎஸ்-6 வண்டி. ஓனர் தினமும் வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர் போவார், அவ்வளவுதான். சைலன்ஸர் சூடேறுவதற்குள் கடை வந்துவிடும், புகைக்கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டரில் கரி எரியாமல் சேர்ந்து சேர்ந்து அடைத்துவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த பையன், முதல் வகுப்பில் தேறியவன், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற ஸ்கேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே செருகுவது என்று பானெட்டுக்குள் தேடிக்கொண்டிருக்கிறான். ஸ்டீயரிங்குக்குக் கீழே பார் தம்பி என்றேன். அவனைத் திட்ட மனசு வரவில்லை. அவன் காலேஜ் லேபில் இருந்தது சிவப்பும் மஞ்சளும் பெயின்ட் அடித்து, பாதியாக அறுத்து வைத்த அம்பாசிடர் எஞ்சின். அம்பாசிடர் 2014-லேயே நின்றுபோன கார்.

அந்தக் காலேஜை அவன் அப்பா எதைப் பார்த்துப் பிடித்தார் தெரியுமா? உங்கள் இணைப்பைப் பார்த்துத்தான். முழுப்பக்கம், கோட்டு போட்ட தாளாளர், 100 சதவீத வேலைவாய்ப்பு. அது விளம்பரம் என்பது மூலையில் கடுகளவு எழுத்தில் இருந்ததாம். இதையே மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதினேன். என் கடிதம் வரவில்லை, காலேஜ் விளம்பரம் மட்டும் அடுத்த வாரமும் வந்தது.

இன்னொன்று. 'பெண்களுக்கு ஏற்ற படிப்புகள்' என்று நீங்கள் போட்ட பட்டியலில் ஆட்டோமொபைல் இல்லை. என் அம்மா அதை வெட்டி எடுத்து, பத்தாவது முடித்த என் மகளிடம் நீட்டினார், வீட்டில் ஒரு வாரம் சண்டை. அவள் டிப்ளமோ முடித்து, பி.இ. நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்து, இன்று ஒரகடத்தில் பேட்டரி சோதனைப் பிரிவில் இருக்கிறாள். இந்த லேட்டரல் என்ட்ரி வழியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

உங்களுக்குத் தெரியாததா? 1949-இல் சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) தொடங்கியபோதே ஆட்டோமொபைல் அங்கே ஒரு பிரிவு, அன்றைக்கு பி.எஸ்சி. முடித்தவர்களைத்தான் எடுத்தார்கள். மார்க் குறைந்தவர்களின் படிப்பாக அது எப்போது ஆனது என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இணைப்பில் 'விளம்பரம்' என்ற சொல்லைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் போடுங்கள். இடம் மிஞ்சினால், சேர்வதற்கு முன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஸ்கேனர் இருக்கிறதா, ஓடுகிற எஞ்சினைப் பிரித்துப் பூட்ட விடுவார்களா என்று கேளுங்கள் என இரண்டு வரி பெற்றோருக்கு.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு பட்டறைக்காரன்,
திருப்பூர்.