சனிக்கிழமை திருச்சி தடகளப் போட்டி: வேன் ஏற்பாடு

பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். மதுரையிலிருந்து விடியற்காலை 4.30-க்கு வேன் பள்ளிக்கூட வாசலில் கிளம்பும். விராலிமலையில் இட்லி, டீ. 8 மணிக்குள் அண்ணா விளையாட்டரங்கம்.

கோலூன்றித் தாண்டும் கம்புகள்தான் கவலை. 4 மீட்டர் நீளம், வேன் கூரையில்தான் ஏற்ற வேண்டும். போன முறை வெறும் கயிறு போட்டு இறுக்கியதில் ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது. ஃபைபர் கம்பில் கீறல் இருந்தால் வளையும்போது முறியும். பிள்ளை மேலே இருப்பான். அதை ஒதுக்கிவிட்டோம். இந்த முறை பழைய போர்வை சுற்றி, மூன்று இடத்தில் கட்டுவோம். பின்முனையில் சிவப்புத் துணி. வீட்டில் பழைய போர்வை இருந்தால் கொடுங்கள். வெள்ளி மாலை 5 மணிக்கு இரண்டு அப்பாக்கள் கைகொடுக்க வந்தால் நல்லது.

ஈட்டி முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டாயிற்று. அப்புறம், ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்ட ஷூ), ஆதார் அசல் அவரவர் பையில்.